தூளாகிப்போன பீங்கானின் எண்

விருத்தாசலம் செராமிக் பேட்டையில் எதைத் தொட்டாலும் விரலில் வெள்ளை ஒட்டும். ஆனந்தராஜின் கம்பெனியில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் கயல்விழிக்கு அந்த வெள்ளைத் தூளோடு ஜென்மப் பகை. காலையில் வந்ததும் கீபோர்டை ஒரு துணியால் அழுத்தித் துடைத்தால்தான் அவளுக்கு வேலையே ஓடும். கம்ப்யூட்டரை அணைத்துவிட்டுத் துடைக்க வேண்டும் என்று தெரியாதா என்றால், தெரியும். பொறுமைதான் கிடையாது. கரண்டு எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாத இடம் என்பதால், கை சும்மா இருக்கும்போதெல்லாம் 'சேவ்' செய்துகொண்டே இருப்பதும் அவள் பழக்கம். இந்த இரண்டு பழக்கமும் கூட்டுச் சேர்ந்து ஒருநாள் அவளைக் கவிழ்த்தன.

கம்மாபுரம் பக்கத்துப் பெண் அவள். பாவாடை என்ற அவள் அப்பா, நிலத்தை நிலக்கரிச் சுரங்கத்துக்குக் கொடுத்துவிட்டுக் குடும்பத்தோடு டவுனுக்கு வந்தபோது அவளுக்குப் பள்ளிக்கூட வயசு. பி.காம். முடித்தாள். பேட்டையில் வேலைக்குச் சேர்ந்தாள். அங்கேயே சூளைக்கு வண்டி தள்ளிக்கொண்டிருந்த காத்தவராயனைக் கட்டிக்கொண்டாள். சொந்தக்காரர்கள் முகத்தைச் சுளித்தார்கள். "அவரு வெய்யில்ல நிக்கறாரு, நான் ஃபேனுக்குக் கீழ உக்காந்திருக்கிறேன். வேற என்னா வித்தியாசம் இருக்குது?" என்று கேட்டு அவர்கள் வாயை அடைத்தாள்.

அவர்கள் கம்பெனியில் செய்வது கரண்டு கம்பத்தில் கம்பியைத் தாங்கும் பீங்கான். ஒவ்வொரு முறை சூளை இறங்கியதும் அந்தச் சுமையில் ஆங்காங்கே பத்துப் பீங்கான் எடுப்பார்கள். மெஷினில் மாட்டி, உடைகிறவரை இழுப்பார்கள். உடையும் நேரத்தில் டயல் முள் எதைத் தொடுகிறதோ அதுதான் அதன் பலம். மெஷினில் நிற்கும் அர்ச்சுனன் அதைக் கத்திச் சொல்ல, கயல்விழி விரல் போன போக்கில் கம்ப்யூட்டரில் ஏற்றுவாள்; குறைவானது உண்டா என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பது மறுநாள்தான். பதினாறுக்குக் கீழே ஒன்றே ஒன்று போனாலும் மொத்தச் சுமையையும் உடைத்துவிட வேண்டும். கம்பி அறுந்து விழுந்தால் கீழே போவது யாரோ பெற்ற பிள்ளை என்பதால் அதில் மட்டும் தாட்சண்யம் கிடையாது.

அந்த வாரம்தான் காத்தவராயன் கையில் முதன்முதலாகச் சூளையைத் தனியாக ஒப்படைத்திருந்தார் ஆனந்தராஜ். நல்லபடியாக வெந்து இறங்கினால் அவன் சூளைக்காரன். இல்லாவிட்டால் பழையபடி வண்டிதான். மனுஷன் சரியாகச் சோறுகூடத் தின்னவில்லை. சோதனை முடிந்த சாயங்காலம் சராசரி 18.50 என்று கயல்விழி முதலாளிக்கும் பீங்கான் வாங்குகிறவர்களுக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு, சந்தோஷமாக வீட்டுக்குப் போனாள்.

மறுநாள் வாங்குகிறவர்கள் ஒவ்வொரு பீங்கானின் எண்ணையும் தனித்தனியாகக் கேட்டார்கள். ஃபைலைத் திறந்தவளுக்குப் பகீரென்றது. ஏழாவது கட்டம் காலியாக இருந்தது. நேற்று மூடாமல் விட்ட ஃபைலில், காலையில் துடைத்த துடைப்பில் எண் அழிந்திருக்கிறது, பழக்க தோஷத்தில் சேவும் செய்து ஃபைலை மூடியிருக்கிறாள். அர்ச்சுனனிடம் ஓடினாள்.

"எதுக்கு எவ்ளோன்னு எனக்கெப்படிம்மா ஞாபகம் இருக்கும்? நான் பாட்டுக்குக் கத்திக்கினு இருப்பேன்," என்றான் அவன். உடைந்த துண்டுகளைக் கேட்டாள். அவை காலையிலேயே அரைவைக்குப் போய்த் தூளாகிவிட்டன.

அவள் அழித்தது தன் புருஷன் வேகவைத்த சுமையின் எண். குறைவான எண் என்று தெரிந்தே துடைத்துவிட்டாள் என்று பேட்டை பேசாதா? நிச்சயமாகப் பேசும். அவளே வேறொருத்தியைப் பற்றி அப்படிப் பேசியிருப்பாள்.

ஆனந்தராஜும் காத்தவராயனும் ஆபீசுக்கு வந்தார்கள். விஷயத்தைச் சொன்னாள். முதலாளி தலையில் கை வைத்துக்கொண்டார்.

"எதுனா ஒண்ணு போட்டு அனுப்பும்மா. பதினெட்டுன்னு போடு. யாருக்குத் தெரியப் போவுது?"

"சராசரிய நேத்தே அனுப்பிட்டேன் சார். இஷ்டத்துக்கு ஒண்ணப் போட்டா, கூட்டிப் பாக்கறவங்க கண்டுபுடிச்சிருவாங்க," என்றாள்.

சொன்ன வாய் அப்படியே நின்றுவிட்டது. தப்பானதைப் போட்டால் மாட்டிக்கொள்வோம் என்றால், மாட்டாத எண் ஒன்று இருக்கிறது என்றுதானே அர்த்தம்? அந்தக் காலிக் கட்டத்துக்கு உலகத்தில் ஒரே ஒரு எண்தான் பொருந்தும். உடைந்து, அரைபட்டு, களிமண்ணோடு கலந்துவிட்ட ஒரு பீங்கான் தன் பலத்தை அந்தச் சராசரிக்குள் விட்டுவிட்டுப் போயிருக்கிறது! அவளுக்கு உடம்பு சிலிர்த்தது. இத்தனை வருஷமாகச் சராசரியைத் தினமும் போட்டிருக்கிறாள், ஒருநாள்கூட அதை நின்று பார்த்ததில்லை.

ஃபைலில் பத்து வரிசை. பதினெட்டரையைப் பத்தால் பெருக்கினாள். நூற்று எண்பத்தைந்து. மிச்சம் இருந்த எண்களின் கூட்டல் நூற்று ஐம்பத்தொன்று. கழித்தாள்.

"முப்பத்தி நாலு!" என்று ஆனந்தராஜ் கையைத் தட்டினார். "காத்தவராயா, இரும்பையா வேக வச்ச? அனுப்பும்மா, அனுப்பு!"

காத்தவராயன் வாயெல்லாம் பல்லாக நின்றான். கயல்விழிக்குத்தான் சிரிப்பு வரவில்லை. மற்றதெல்லாம் பதினெட்டு, பத்தொன்பது என்று இருக்கும்போது இது மட்டும் எப்படி முப்பத்தி நாலாகும்? திரையைப் பார்த்தாள். எண் அழிந்த பிறகு அங்கே சராசரி 18.88 என்று நின்றது. நேற்றைவிட அதிகம். முப்பத்தி நாலு வெளியே போயிருந்தால் சராசரி இறங்கியிருக்க வேண்டும். ஏறியிருக்கிறது. அப்படியானால் போனது பெரிய எண் இல்லை, சின்ன எண்.

மேலே முதல் கட்டத்தைப் பார்த்தாள். அதுவும் காலி. அது எப்போதுமே காலி. எடுத்த பத்தில் முதல் பீங்கானை மெஷினில் மாட்ட மாட்டார்கள். மஞ்சள் குங்குமம் வைத்து, சூடம் கொளுத்தி, சூளை வாசலில் சாமிக்கென்று வைத்துவிடுவார்கள். அதன் கட்டம் என்றைக்கும் காலியாகவே கிடந்து கிடந்து, கண் அதைப் பார்ப்பதையே விட்டுவிட்டது. கம்ப்யூட்டர் காலிக் கட்டத்தைக் கணக்கில் சேர்க்காது. சேர்த்தது அவள்தான்.

பேசாமல் இருந்திருக்கலாம். முதலாளி நம்பிவிட்டார், புருஷன் சிரித்துக்கொண்டிருக்கிறான். ஆனால் சரியான எண் எங்கே இருக்கிறதென்று தெரிந்த பிறகு அதைப் பார்க்காமல் அவளால் இருக்க முடியவில்லை.

"சார், தப்பு பண்ணிட்டேன். சாமி பீங்கானையும் சேத்துப் பெருக்கிட்டேன். ஒம்போதுதான் சார் உடைச்சது," என்றாள். மறுபடி பெருக்கினாள். நூற்று அறுபத்தாறரை. அதில் நூற்று ஐம்பத்தொன்றைக் கழித்தாள்.

பதினைந்தரை.

பதினாறுக்கு அரை குறைகிறது. அவளுக்கு அழ வேண்டும் போலவும் இருந்தது, அந்த எண்ணைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும் போலவும் இருந்தது. அவள் விருப்பத்தையும், முதலாளி விருப்பத்தையும், காத்தவராயன் பட்டினி கிடந்ததையும் அது ஒரு பொருட்டாகவே மதிக்கவில்லை. அழித்தாலும் அழியவில்லை, அரைத்தாலும் அரைபடவில்லை.

காத்தவராயன் திரைக்குக் கிட்டே வந்து குனிந்து பார்த்தான்.

"ஏழாவதா எடுத்தது எது தெரியுமா? கதவோரம் அடி வரிசை," என்றான் மெதுவாக. "அங்க அனலு கொஞ்சம் வெளிய போச்சு. மண்ணு பூசி அடைச்சேன். சரியாப் போச்சுன்னுதான் நெனச்சேன்." பிறகு அந்த எண்ணைத் தொடப்போய், விரலில் வெள்ளை இருப்பதைப் பார்த்துக் கையை இழுத்துக்கொண்டான். "தூளாப் போனது எப்பிடி கயலு இவ்ளோ கரெக்டா சொல்லுது?"

"எனக்கும் அதான் தெரியல," என்றாள் அவள். கணக்கு தெரிந்தவள்தான். இருந்தாலும் அதுதான் உண்மையான பதில்.

ஆனந்தராஜ் நாற்காலியிலிருந்து எழுந்தார். "உடைச்சிருங்க," என்றார். கதவருகே போனதும், "காத்தவராயா, அடுத்த சூளைய வேற ஆளு பாக்கட்டும். கொஞ்ச நாளு போவட்டும்," என்று சொல்லிவிட்டு, அவன் முகத்தைப் பார்க்காமல் வெளியே போனார்.

"என்னாங்க," என்று ஆரம்பித்த கயல்விழி திரையில் நின்ற எண்ணையே பார்த்தாள். முதலில் வந்த முப்பத்தி நாலோடு நிறுத்தியிருந்தால் அவன் இன்றைக்காவது சூளைக்காரனாக இருந்திருப்பான்.

காத்தவராயன் வாசல் வரை போனவன், திரும்பி வந்து மேஜையில் கையை ஊன்றிக்கொண்டு நின்றான்.

"நீ விஷயத்தச் சொன்னதிலேர்ந்து நான் சூளையப் பத்தி யோசிக்கவே இல்ல. புருஷனுக்காவ நீயே அழிச்சிட்டன்னு சொல்லிடுவாங்களோன்னுதான் பயந்துக்கினு இருந்தேன்," என்றான். "இனிமே எவனாலயும் அப்பிடிச் சொல்ல முடியாது, இல்ல?"

அதுவரை வராத அழுகை அவளுக்கு அப்போதுதான் வந்தது.