கார்டம்மா மகனுக்காக வைத்த பீப்பாய்

திரும்பி வருவானா என்று யாருக்கும் தெரியாத ஒருவனுக்காக ஒரு பொருளை எவ்வளவு காலம் காத்து வைத்திருப்பது? எங்கள் சமையலறை மூலையில் சூடேறாமலிருக்க ஈரச் சாக்கு சுற்றிய சின்ன மரப்பீப்பாய் ஒன்று இருக்கிறது. உள்ளே இருப்பது பீர். எங்கள் வீட்டில் யாரும் குடிப்பவர்கள் இல்லை.

நான் கல்யாணமாகித் திருத்தணி ரயில்வே குடியிருப்புக்கு வந்தபோது பக்கத்து வீட்டில் இருந்தவர் கார்டம்மா. ரயிலில் கார்டு வேலை பார்த்து இறந்துபோன ஓர் ஆங்கிலோ-இந்தியரின் மனைவி. ஒரே மகன். பார்லியும் உலர்ந்த திராட்சையும் பட்டணத்திலிருந்து வரும் ஒரு கசப்புப் பூவும் போட்டு, கிறிஸ்துமஸுக்கு வீட்டிலேயே பீர் காய்ச்சுவது அவர்கள் வழக்கம். மகன் யுத்தத்துக்குப் புறப்படத் தயாரானபோதும் காய்ச்சினார். ஆனால் அது முதிர்வதற்குள் அவன் கிளம்பும் நாள் வந்துவிட்டது; மனசு கேட்காமல் திறந்து கொடுத்துவிட்டார். கலங்கலாக, வெறும் இனிப்பாக இருந்ததாம். வயிறு உப்பிய பிள்ளை, “ஜப்பான்காரனுக்கு வேலை வெக்காம நீயே கொன்னுடுவே போலக்கீதே மம்மி!” என்று சொல்லி ரயிலேறினானாம். இதைச் சொல்லிச் சிரிப்பார் கார்டம்மா.

அவன் வரும்போது நன்றாக முதிர்ந்ததைக் கொடுக்க வேண்டுமென்று, ரேஷன் சீனியை மிச்சம் பிடித்து மறுபடி காய்ச்சினார். நான் அப்போது பிள்ளைத்தாய்ச்சி; புளித்த வாசனையில் குமட்டும். ஆனாலும் போய்ப் பார்ப்பேன். ஜாடியில் நுரை அடங்கியதும் பீப்பாயில் ஊற்றி, தினமும் தக்கையைச் சற்றே தளர்த்துவார். உஸ்ஸென்று காற்று வெளியேறும். “வெடிச்சுடாதுங்களா?” என்பேன். “விட வேண்டியத விட்டுகினு இருந்தா ஏன் வெடிக்குது? உன்ன மாதிரி பயந்தாங்கொள்ளிதான் வெடிக்கும்,” என்பார். சத்தம் நின்ற பிறகு தக்கையை அடித்து இறுக்கி மெழுகு ஊற்றினார். “இனிமே அவன்தான் திறக்கணும்.”

பர்மாப் பக்கம் அவனைக் காணவில்லை என்று தகவல் வந்தது. “காணோம்னுதானே சொல்றாங்க? வேற ஒண்ணும் சொல்லலியே,” என்று சொல்லிவிட்டுச் சாக்கை நனைக்கப் போனார். யுத்தம் முடிந்தது. யாரும் வரவில்லை. உடம்புக்கு முடியாமல் பெரம்பூரில் தங்கை வீட்டுக்குப் போனபோது பீப்பாயை என்னிடம் விட்டார். “அவனுக்கு இந்த இடம்தான் தெரியும். இங்கதான் வருவான்.” சென்ற மழைக்காலத்தில் அவர் இறந்துபோனார்.

ஆடிக் கிருத்திகைக்கு வந்த என் மாமியார், மெழுகு வைத்து மூடியிருந்ததைப் பார்த்து முருகனுக்கு நேர்ந்துகொண்ட காணிக்கை என்று நினைத்துவிட்டார். “யாருக்கும்மா நேர்ந்தது?” என்றார். “சண்டைக்குப் போன ஒரு புள்ளைக்குங்க,” என்றேன். அவர் குங்குமம் வைத்துக் கும்பிட்டார். அதன்பின் அதைச் சாக்கடையில் ஊற்ற எப்படித் துணிவது?

இப்போது மதுவிலக்கு மறுபடியும் வந்துவிட்டது. என் குழந்தையோ பீப்பாயை மேளமாகத் தட்டுகிறாள். தெருவில் யார் செருப்புச் சத்தம் கேட்டாலும் அவள் கையைப் பிடித்துக்கொள்கிறேன். “அந்தப் புள்ள வந்தா ரயில்ல வருவான். அதுக்கு முந்தி நமக்குப் போலீஸ் வண்டி வந்துடும். ஊத்திடு,” என்கிறார் என் கணவர். அவர் பயமும் நியாயம்தான், உத்தியோகம் போனால் நாங்கள் என்ன செய்வோம்? போதாததற்கு ரேணிகுண்டாவுக்கு மாற்றலும் வந்திருக்கிறது. எடுத்துப்போனால், அவன் வரும்போது இங்கே எதுவும் இருக்காது. விட்டுப்போனால், புதிதாகக் குடிவருபவர்கள் மாட்டிக்கொள்வார்கள்.

இந்தப் பத்திரிகையைப் படிக்கும் பிள்ளை பெற்ற வாசகிகள் யோசித்து எழுதுங்கள். கார்டம்மா இடத்தில் நீங்கள் இருந்தால் எதை மன்னிப்பீர்கள்: நான் அதைக் கொட்டிவிட்டதையா, அதை எடுத்துக்கொண்டு போய்விட்டு, அவன் வந்து தட்டும்போது கதவைத் திறக்க நான் இங்கே இல்லாததையா?