கட்டாத சிவப்புக் கயிறு

இலங்கையில் சண்டை ஓய்ந்திருந்த நேரம். மதுரையில் மீன்வலைக் கடை வைத்திருந்தேன். ராமேஸ்வரத்து மீனவர் ஒருவர் வலை வாங்கும்போதெல்லாம், "ஓரத்துல சிவப்புக் கயிறு கட்டிருங்கண்ணே. அறுந்து போனா, இலங்கைக்காரங்க அடையாளம் பார்த்து எங்ககிட்ட சேர்ப்பாங்க. அவங்க வலையை நாங்களும் அப்படித்தான்" என்பார்.

ஒருமுறை சிவப்புக் கயிறு தீர்ந்துவிட்டது. ஒரு கயிறுதானே என்று கட்டாமலே அனுப்பிவிட்டேன்.

சில மாதம் கழித்து வந்தார்.

"வலை அறுந்துபோச்சுண்ணே. இலங்கைக்காரங்க பார்த்தும், யாருதுன்னு தெரியாம விட்டுட்டாங்களாம். கரை ஒதுங்கினப்ப உள்ள ஒரு ஆமை செத்துக் கிடந்துச்சு. கயிறு அவுந்திருக்கும். நான்தான் சரியாப் பார்க்கல."

"ஆமா, அவுந்திருக்கும்" என்றேன்.

"இந்தத் தடவை ரெண்டு முடிச்சாப் போடுங்கண்ணே" என்றார். போட்டுக் கொடுத்தேன். உண்மையை இன்றுவரை அவரிடம் சொல்லவில்லை.