பின் மூலையில் கரி

கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸிலிருந்து நடந்து வந்து, காட்சிக்கு நிறுத்தியிருக்கும் பழைய நீராவி எஞ்சினில் ஏறுகிறேன். எனக்கு முன்பே ஒரு முதியவரும் அவருடைய மகளும் அங்கே நிற்கிறார்கள். இளவயதில் இதே மாதிரி எஞ்சினில் கரி போட்டவர் என்பது அவர் பேச்சில் தெரிகிறது.

"அடுப்புக் கதவுக்குக் கிட்ட, ரெண்டு பின் மூலையிலதான் நெறைய போடுவோம்மா. முன்னால கொஞ்சந்தான்" என்று கையை வீசிக் காட்டுகிறார்.

நான் சென்னையில் இயந்திரவியல் கற்பிப்பவன். வாய் சும்மா இருக்கவில்லை. "இல்லீங்க, சமமாப் பரப்பணும். இல்லாட்டி முன்பக்கம் தீ அணைஞ்சிடும்" என்கிறேன்.

மகள் குரலைத் தாழ்த்துகிறார். "அப்பாவுக்கு இப்பல்லாம் ஞாபகம் சரியில்ல லா அண்ணே. டாக்டர்கிட்ட காட்டணும்."

அவருக்கு அது கேட்டுவிடுகிறது. "படிச்சவங்க சொன்னா சரியாத்தான் இருக்கும் பாஸ்" என்று சிரிக்க முயல்கிறார். மகளின் கையைப் பிடித்துக்கொண்டு இறங்குகிறார்.

கைபேசி வெளிச்சத்தில் அடுப்புக்குள் குனிந்து பார்க்கிறேன். கரி எரியும் இரும்புச் சட்டம் கதவிலிருந்து முன்பக்கமாகச் சரிந்து போகிறது. பின்னால் போட்ட கரி, எஞ்சின் ஓடும் குலுக்கலில் தானாகவே முன்னால் இறங்கிவிடும். அவர் சொன்னதுதான் சரி.

குதித்து இறங்கி ஓடுகிறேன். "அங்கிள்! அங்கிள்!" என்று கத்துகிறேன். அவர்களுடைய கார் சாலையில் திரும்பிவிட்டது.

டாக்டரிடம் அந்த மகள் என்னைத்தான் சாட்சியாகச் சொல்வார்.