பனிமூட்டத்தில் இரண்டு பச்சை

தேயிலைக் கொழுந்து பறிப்பவளுக்குத் தூரப் பார்வை முக்கியமில்லை. இளம் தளிரின் வெளிர்பச்சையும் முற்றிய இலையின் கரும்பச்சையும் பிரிந்து தெரிந்தால் போதும். சென்ற வருடம் எனக்கு அந்த இரண்டும் ஒன்றாகிவிட்டன. வெயிலில் ஒருவாறு சமாளித்தேன். பனி இறங்கினால் மலையே சாம்பல் பூசியதுபோல் ஆகிவிடும். கைக்கு அகப்பட்டதைக் கிள்ளிப் போட்டேன்.

கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் கணக்கப்பிள்ளை என் கூடையைச் சாக்கில் கொட்டிக் கிளறினார். என்னைவிட இளையவர்.

"என்னக்கா, கொழுந்தா, மாட்டுக்குப் புல்லா?"

பின்னால் சிரிப்பு எழுந்தது. இப்படியே போனால் புல்லு வெட்டும் ஆட்களோடு என்னை அனுப்பிவிடுவதாகவும் சொன்னார். கொழுந்து பறிப்பதைத் தவிர வேறெதிலும் நான் பேர் வாங்கியவள் அல்ல. நன்றாகப் பறிப்பவளுக்குத்தான் மலையில் முதல் நிரையை, முதல் செடி வரிசையை, கொடுப்பார்கள்.

நாங்கள் குடியிருக்கும் லயத்தில் எல்லோரும் வெள்ளெழுத்து என்றார்கள். தலவாக்கலை டவுனில் ஒரு கண்ணாடி வாங்கினேன். மலையில் அது பனி படிந்து மங்கியது.

"வைப்பர் ஒண்ணு வாங்கிப் பூட்டுடி, பஸ்ஸு மாதிரி!" என்றாள் பக்கத்து நிரைக்காரி.

கடைசியில் ஆஸ்பத்திரிக்குப் போனேன். கண் டொக்டர் காட்டிய கறுப்பு எழுத்துகளைக் கடைசி வரி வரை பிழையின்றி வாசித்தேன். அவர் இன்னொரு அட்டையை எடுத்தார். அதில் எழுத்துகள் ஒரே அளவு; ஆனால் வரிக்கு வரி வெளிறிக்கொண்டு போயின. பாதியில் நின்றேன்.

"கீழ எழுத்தே இல்லீங்களே."

"இருக்கும்மா. கொஞ்சம் நடந்து காட்டுங்க."

நடந்தேன். என் இடது கை வீசவில்லை என்பதை அவர்தான் கவனித்தார். வேறு டொக்டரும் சோதித்த பிறகு, நடுக்கவாதத்தின் ஆரம்பம் என்றார்கள்.

"எனக்கு நடுக்கமே இல்லீங்களே!"

"எல்லாருக்கும் அது மொதல்ல வராதும்மா," என்றார் கண் டொக்டர். " மூளையில டோபமைன்னு ஒரு சாமான் கொறையுது. அதே சாமான் கண்ணுக்குள்ள, விழித்திரையிலயும் சுரக்குது. பக்கத்துப் பக்கத்துல இருக்கிற வெளிச்சத்தையும் இருட்டையும் பிரிச்சுக் காட்ட அது வேணும். அது கொறஞ்சா எழுத்து தெரியும், சாயம் பிரியாது. மருந்து எடுத்தா கண்ணும் தெளியலாம். ஆனா நிச்சயமா சொல்ல மாட்டேன்."

மாத்திரையை வேளை தவறாமல் விழுங்கினேன். முதலில் கை இலேசானது. சில வாரங்களுக்குப் பின் ஒரு காலையில், அடுத்த நிரை தெரியாத பனியில், செடியைக் குனிந்து பார்த்தேன். கரும்பச்சையின் மேல் தளிர்கள் தனித்தனியே நின்றன. யாரோ விளக்குப் பிடித்ததுபோல் இருந்தது. கண்ணாடியைக் கழற்றி மடியில் செருகிவிட்டு இரண்டு கைகளாலும் பறித்தேன். எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கவில்லை.

மடுவத்தில் கணக்கப்பிள்ளை என் கொழுந்தைக் கொட்டிக் கிளறினார். மறுபடியும் கிளறினார்.

"தேடுங்க தம்பி, நல்லாத் தேடுங்க," என்றேன்.

ஒரு முற்றிய இலைகூட அவர் கையில் சிக்கவில்லை. நோய் என்னோடுதான் இருக்கிறது, மாத்திரையும் நிற்காது. ஆனால் அவர் நிமிர்ந்து எல்லோருக்கும் கேட்கச் சொன்னார்:

"நாளைக்கு மொத நிரைய அக்கா புடிக்கட்டும்."