வளன் சைக்கிளில் இரண்டு கண்ணாடி

இது கட்டிவிட்ட கதை இல்லை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தாறில், தூத்துக்குடித் துறைமுக ரோட்டில் நடந்தது. நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். ஆனால் ஒரு சைக்கிளுக்கு எதற்கு இரண்டு கண்ணாடி என்று வளனைக் கேட்டுச் சிரித்தவர்கள், காரணம் தெரிந்த பிறகு சிரித்ததில்லை. அதை நானே பார்த்திருக்கிறேன்.

வளன் துறைமுகத்தில் விஞ்சு ஓட்டுகிறவன். கப்பலிலிருந்து சரக்கைத் தூக்கி இறக்குகிற இயந்திரம் அது. அந்த இரும்புச் சத்தத்தில் வருடக்கணக்காக நின்று அவனுக்குக் காது மந்தமாகிவிட்டது. எதிரே நின்று பேசினால் வாயைப் பார்த்துப் புரிந்துகொள்வான். பின்னால் லாரி ஆரன் அடித்துக்கொண்டு வந்தால் தெரியாது. உப்பு லாரிகள் தலைதெறிக்கப் பறக்கிற அந்த ரோட்டில் இத்தனை நாள் எப்படி சைக்கிள் ஓட்டினான் என்று கேட்பீர்கள்.

இசபெல்லா இருந்தாள். அவன் பெண்டாட்டி. இறால் கம்பெனியில் வேலை. தினமும் கேரியரில் ஒரு பக்கமாக உட்கார்ந்து அவனோடு வருவாள். பின்னால் வண்டி வந்தால் முதுகில் தட்டுவாள். ஒரு தட்டு என்றால் மாட்டு வண்டி. இரண்டு தட்டு என்றால் லாரி. வளன் உடனே ஓரம் ஒதுங்கிவிடுவான். திரும்பிக்கூடப் பார்க்க மாட்டான். அவள் கை மேல் அவ்வளவு நம்பிக்கை.

கல்யாணமாகி ஆறாவது வருடம் பிள்ளை உண்டானது. பனிமய மாதாவிடம் அழுது கேட்ட பிள்ளை. ஐந்தாம் மாதத்தோடு கேரியரில் ஏறுவதை நிறுத்திவிட்டாள்.

"ஒங்க முதுகத் தட்ட இப்ப ஆளு இல்ல. கண்ணாடி ஒண்ணு வாங்கி மாட்டுங்க," என்றாள்.

"ஏளா, கண்ணாடி மாட்டிக்கிட்டு மைனர் மாதிரியா என்னயப் போவச் சொல்லுத?"

"மைனராத்தான் போங்களேன். உசிரோட வந்தாப் போதும்."

அவன் சிரித்து மழுப்பிவிட்டான். அவள் தன் பழைய மஞ்சள் சேலையை வெட்டி ஒரு சட்டை தைத்துக்கொண்டிருந்தாள். பிறந்த பிள்ளைக்குப் போட்டால் தொளதொளவென்று தொங்கும். இது எதற்கு இவ்வளவு பெரிதாக என்று கேட்டான். "வளருத பிள்ளதான," என்றாள்.

எட்டாம் மாதம் ஜன்னி கண்டது. ஒரே நாள்தான். வயிற்றுப் பிள்ளையோடு போய்விட்டாள். ஆணா பெண்ணா என்றுகூடத் தெரியாமல் தன் பிள்ளையை மண்ணில் வைக்கிற கொடுமை எந்தத் தகப்பனுக்கும் வரக் கூடாது. கல்யாணத்துக்கு எடுத்த கத்திரிப்பூ நிறச் சேலையை அவளுக்கு உடுத்தினார்கள். பெட்டியை மூடும் முன் வளன் அந்த மஞ்சள் சட்டையை மடித்து அவள் கைக்கு அடியில் சொருகினான். வேறு யாரும் அதைக் கவனிக்கவில்லை.

கல்லறைத் தோட்டத்தை விட்டு வரும்போது திரும்பிப் பார்க்கக் கூடாது. பார்த்தால் செத்தவர்கள் கூடவே வந்துவிடுவார்கள். சாமியார் இதைப் பிரசங்கத்தில் சொல்வதில்லை. ஆனாலும் எங்கள் கடற்கரையில் யாரும் மீறுவதில்லை. அன்றைக்கு அவன் அண்ணன் ரோச் அவன் பிடரியில் கை வைத்தே நடத்திக் கூட்டி வந்தான். வளன் திரும்பவில்லை.

முப்பதாம் நாள் காலையில் மந்திரமூர்த்தி அண்ணாச்சியின் சைக்கிள் கடைக்குப் போனான். அவள் வாய் திறந்து கேட்டது கண்ணாடி ஒன்றைத்தான். அவள் இருக்கும்போது செய்யவில்லை.

அண்ணாச்சி இரண்டு கண்ணாடிகளை எடுத்து வைத்தார். ஒன்று சதுரம், தட்டை. இன்னொன்று வட்டம், நடுவில் புடைத்திருந்தது.

"தட்டக் கண்ணாடி உள்ளத உள்ளபடி காட்டும். ஆனா கொஞ்சந்தான் காட்டும். இந்த வட்டம் பின்னால உள்ளது பூராவும் காட்டும். என்ன, எல்லாம் சின்னதா, தூரத்துல நிக்க மாதிரி இருக்கும். தூரந்தானன்னு அசந்துரக் கூடாது. கிட்டத்துலதான் இருக்கும்."

"எது நல்லது அண்ணாச்சி?"

"நீரு கேரியர்ல ஆள் ஏத்துதவரு. தட்டயில அவுக தோள்தான் தெரியும். வட்டத்தையே எடும்…"

சொல்லிவிட்டு அண்ணாச்சி நாக்கைக் கடித்துக்கொண்டார்.

வளன் இரண்டிலும் பார்த்தான். வட்டத்தில் அவன் முகம் யாரோ முகம் மாதிரி இருந்தது. தட்டையில் முகம் முகமாக இருந்தது.

"இனி யார ஏத்தப் போறேன்," என்று தட்டையையே எடுத்தான். அண்ணாச்சி வலது பக்கக் கைப்பிடியில் வைத்து முடுக்கிக் கொடுத்தார்.

சாயங்காலம் முப்பதாம் நாள் பூசை. எல்லோரும் போன பிறகு வளன் தனியாகக் கல்லறையில் முழங்காலில் இருந்தான். ஏழு மணிக்கு வேலைக்கு ஏற வேண்டும். வெளியே வந்து சைக்கிளில் ஏறியபோது ஆறரை. மேற்கே கொஞ்சம் வெளிச்சம் மிச்சம் இருந்தது.

அவன் திரும்பிப் பார்க்கவில்லை. இதை அவன் சத்தியம் செய்து சொல்வான். புதுச் சாமான் என்பதால் கண் தானாகக் கண்ணாடிக்குப் போனது.

கல்லறை வாசல் தூணுக்குப் பின்னால் ஒருத்தி நின்றாள்…

பாதி முகம். சேலையின் ஒரு கரை. கத்திரிப்பூ நிறம்.

கால் தானாக மிதித்தது. கண்ணாடியில் இப்போது வெறும் ரோடு. மனப்பிரமை என்று சொல்லிக்கொண்டான்.

இரண்டு பக்கமும் உப்பளம் வந்தது. திடீரென்று பின்சக்கரம் அழுந்தியது. மிதி கனத்தது.

அவனுக்கு அந்தக் கனம் தெரியும். ஐந்து வருடம் மிதித்த கனம். ஆனால் இன்றைக்கு அதைவிடக் கொஞ்சம் கூடுதலாக…

கண்ணாடியைப் பார்த்தான்.

ஒரு தோள். ஒரு காது. காதில் அவளுடைய கம்மல். கன்னம். எல்லாம் உள்ளபடி, உள்ள அளவில்.

பயந்தான். ஆனால் அவள் இறங்கிவிடுவாளோ என்பதுதான் அதைவிடப் பெரிய பயம். அதனால் திரும்பவில்லை.

"ஏளா…" என்றான்.

அவள் நிமிரவில்லை. குனிந்து, மடியில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தாள்.

எதை?

கண்ணாடி அவ்வளவு கீழே காட்டவில்லை.

கையை நீட்டினான். கண்ணாடியைச் சாய்க்க…

தட். தட்.

முதுகில். இரண்டு தட்டு.

பழகின உடம்பு ஓரம் பாய்ந்தது. சைக்கிளோடு உப்பள வாய்க்காலில் விழுந்தான். ஒரு லாரி அவன் இருந்த இடத்தை அரைத்துக்கொண்டு போய், தள்ளி நின்றது.

டிரைவர் டார்ச்சோடு ஓடி வந்தான். மாடக்கண்ணு என்று பெயர். அவன் வளனைத் தூக்கவில்லை. வளனைத் தாண்டி ஓடினான். லாரிக்கு அடியில் வெளிச்சம் அடித்தான். வாய்க்காலில் அடித்தான்.

அவன் வாய் என்ன சொல்கிறது என்று வளனுக்குப் புரியவில்லை. டார்ச்சைப் பிடுங்கி வெளிச்சத்தை அவன் முகத்திலேயே அடித்தான்.

"திருப்பிச் சொல்லும்."

"அந்த அம்மா எங்க அண்ணாச்சி? ஒம்ம கேரியர்ல இருந்து குதிச்சாவளே! நடு ரோட்டுல கைய நீட்டிக்கிட்டு நின்னாவ. எனக்கு ஒத்த லைட்டுதான் எரியுது. அவிய குதிக்குத வர ஒம்ம சைக்கிளே தெரியல. அவியளப் பாத்துத்தான் பிரேக் போட்டேன். பிள்ளைக்கு அடிபட்டுச்சோ என்னமோ…"

"என்ன பிள்ள?"

"கைப்பிள்ளயோடலா குதிச்சாவ! ஒரு கையில அணைச்சிருந்தாவ. மஞ்சச் சட்ட. சட்ட பெருசு, பிள்ள கையே வெளிய தெரியல."

வளன் அவன் தோள்களைப் பிடித்துக்கொண்டான்.

"ஆம்பளப் பிள்ளயா? பொம்பளப் பிள்ளயா?"

மாடக்கண்ணு கழுத்தைத் திருப்பி வாய்க்காலையே பார்த்தான்.

"யாரு சாயல்? மொகத்தப் பாத்தீரா?"

"நான் எங்க அண்ணாச்சி பாத்தேன்…"

இரண்டு பேருமாக வாய்க்கால் முழுக்கத் தேடினார்கள். யாரும் இல்லை. சைக்கிளின் முன்சக்கரம் நெளிந்திருந்தது. கண்ணாடியில் ஒரு கீறல்கூட இல்லை.

மறுநாள் அண்ணாச்சி கடை திறப்பதற்கு முன்பே வளன் வாசலில் நின்றான். வட்டக் கண்ணாடியை வாங்கி இடது பக்கம் மாட்டினான். அதில் எல்லாம் தெரிந்தது. கேரியர், மடி இருக்க வேண்டிய இடம், சக்கரம், ரோடு பூராவும். முந்தின நாளே இதை எடுத்திருந்தால் தன் பிள்ளையைப் பார்த்திருப்பான்.

அதற்குப் பிறகு அவள் வரவில்லை.

அவன் விடவில்லை. எத்தனையோ வருடம் வேலைக்குப் போகிற வழியில் கல்லறை வாசலில் இறங்கி ஏறினான். வழக்கத்தை மீறி இரண்டு கண்ணாடியிலும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே போனான். பின்னால் வெறும் கேரியர்தான்.

சில வருடம் கழித்து ஒரு தடவை ரோச் தாங்க முடியாமல் அந்த வட்டக் கண்ணாடியைக் கழற்றப் போனான். வளன் தடுத்தான்.

"இருக்கட்டும்ணே. சட்ட பெருசுன்னு அந்த டிரைவர் சொன்னாம்லா," என்றான். "இப்ப அளவு சரியா இருக்கும்."