நாற்றம் அறியாதவர்

ஸ்டீபனுக்கு மூக்கில் எந்த வாசனையும் தெரியாது. கும்மிடிப்பூண்டியில் பழைய பேட்டரிகளை உடைத்து ஈயம் உருக்கும் கம்பெனி ஒன்றில் இளமை முழுவதும் எலக்ட்ரீஷியனாக வேலை செய்தார். அந்தப் புகை கொஞ்சம் கொஞ்சமாக மூக்கைத் தின்றுவிட்டது. ஒருநாள் மீன்குழம்பு கொதிக்கும் சட்டியருகில் நின்றும் ஒன்றும் தெரியாமல் போனபோதுதான் அவருக்கே விளங்கியது. மனைவி ஏஞ்சலினைத் தவிர யாரிடமும் அதைச் சொல்லவில்லை. வயர் கருகினால் மோப்பம் பிடிக்கத் தெரியாத எலக்ட்ரீஷியனை யார் வேலைக்கு வைப்பார்கள்?

கம்பெனியை மூடிய பிறகு மோகன்ராஜ் என்ற காண்டிராக்டரிடம் சேர்ந்தார். தேர்வாய் கண்டிகையில் புதிதாக எழும்பிக்கொண்டிருந்த தொழிற்சாலைக்கு ஷெட் போடும் வேலை மோகன்ராஜுடையது. சினிமா ஷூட்டிங்கிற்கு ஓடித் தேய்ந்த கேரவன் வண்டி ஒன்றை வாங்கிவந்து, சைட் ஓரத்தில் நிறுத்தி, அதையே ஆபீசாக வைத்துக்கொண்டார். உள்ளே கட்டில், கண்ணாடி, கக்கூஸ், ஏசி எல்லாம் உண்டு. கட்டிலுக்கு அடியில் மூன்று பெரிய பேட்டரிகள். வண்டியின் கரண்டு வேலையெல்லாம் ஸ்டீபன் பொறுப்பு. கூட்டித் துடைத்து டீ போடுவது கன்னியம்மா. வெயில் உச்சிக்கு ஏறினால் அவள் அந்த வண்டிக்குள்ளேயே தரையில் சற்று படுத்து எழுவாள்.

மழை பிடித்த ஐப்பசியில் வண்டியின் சார்ஜர் கெட்டது. புதிது வாங்காமல் எங்கிருந்தோ பழையது ஒன்றைக் கொண்டுவந்து மாட்டச் சொன்னார் மோகன்ராஜ். அதன்பின் பேட்டரியில் தண்ணீர் நிற்கவில்லை. ஊற்ற ஊற்ற வற்றியது. பக்கவாட்டில் லேசாக உப்பலும் தெரிந்தது. ஸ்டீபன் சார்ஜரை அணைத்துவிட்டு மீட்டர் வைத்துப் பார்த்தார். அளவு சரியாகவே இருந்தது. வயசான பேட்டரி தண்ணி குடிக்கத்தான் செய்யும் என்று விட்டுவிட்டார். சார்ஜர் ஓடும்போது பார்த்திருக்க வேண்டும். அது அப்போது தோன்றவில்லை.

ஒரு காலையில் கன்னியம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு இறங்கி வந்தாள்.

"இன்னாண்ணா நாத்தம் இது? முட்ட அழுகுன மாரி கீது. உனுக்கு அடிக்கல?"

ஸ்டீபன் உள்ளே ஏறி, நாலு பேர் பார்க்கும்படி மூச்சை இழுத்தார். ஒன்றுமில்லை. வெறும் காற்று.

"ஆமாமா, அடிக்குது. கக்கூஸ் டேங்க் நாத்தந்தான். கழுவிட்டா போய்டும்."

அன்றே டேங்கைக் கழுவி பினாயில் ஊற்றினார். நாற்றம் குறைந்ததா என்று கேட்கவும் கூச்சமாக இருந்தது. கேட்டால், ஏன் உனக்குத் தெரியவில்லையா என்பாள்.

சில நாள் கழித்து, சாயங்காலம் துணி துவைக்க உட்கார்ந்த ஏஞ்சலின் அவர் சட்டையை மூக்கருகே கொண்டுபோய் முகம் சுளித்தாள்.

"இன்னாய்யா, சட்டையெல்லாம் அழுகுன முட்ட நாத்தம்? எங்க போய் பொரண்ட?"

அன்று அவர் டேங்க் பக்கமே போகவில்லை. பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றியது மட்டும்தான். அளவுக்கு மீறிச் சார்ஜ் ஏறிக் கொதிக்கும் பேட்டரி அப்படித்தான் நாறும் என்று பழைய கம்பெனியில் சொல்லக் கேட்டிருக்கிறார்.

மறுநாள் பஸ்ஸில் ஏறியதுமே கன்னியம்மாவுக்குப் போன் போட்டார்.

"எங்கம்மா கீற?"

"வண்டிலதாண்ணா. ஐயா மீட்டிங் வச்சிக்கிறாரு, ஏசி போட்டு கதவ சாத்தி வைக்கச் சொன்னாரு."

"அந்த மெயின் சுவிட்ச ஆஃப் பண்ணிட்டு வெளிய குந்து. பேட்டரி சரியில்ல. நாத்தம் அதுலதான் வருது."

"ஆஃப் பண்ணா ஏசி நின்னுடுமே, ஐயா கத்துவாரு. நாத்தந்தான் இப்ப இல்லியே. காத்தால ஏறுறப்ப குப்புனு அடிச்சிச்சு, இப்ப சுத்தமா போச்சு. தலதான் லேசா வலிக்குது."

நாற்றம் போய்விட்டது என்றதும் ஸ்டீபனுக்கு மூச்சு வந்தது. "சரி, நான் வந்து பாத்துக்கறேன்" என்று வைத்துவிட்டார்.

அவர் போய்ச் சேர்ந்தபோது கதவு சாத்தியே இருந்தது. கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே, கையில் துடைக்கும் துணியோடு கன்னியம்மா குப்புறக் கிடந்தாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு இழுத்து வெளியே போட்டார். ஷெட் ஆட்கள் ஓடிவந்தார்கள். ஆஸ்பத்திரியில் அவள் கண் திறக்கவேயில்லை.

பேட்டரி கக்கிய அந்த வாயு அதிகமானால் முதலில் மூக்கைத்தான் மரத்துப்போகச் செய்யும், நாற்றம் நின்றுவிட்டது என்று தோன்றும் நேரம்தான் ஆபத்தான நேரம் என்று டாக்டர் சொன்னார்.

போலீஸ் முன்னால் சார்ஜரை ஓடவிட்டு மீட்டர் வைத்தார்கள். பதினான்கு வோல்ட்டைத் தாண்டக் கூடாத முள் பதினாறைத் தாண்டி நின்றது. பேட்டரி நிறைந்த பிறகும் நிற்காமல் கரண்டைத் தள்ளிக்கொண்டே இருக்கும் சார்ஜர் அது.

மோகன்ராஜ் ஸ்டீபனைத் தனியாகக் கூப்பிட்டார்.

"கக்கூஸ் டேங்க் கேஸ்னு சொல்லிடு. நீதான அப்படி சொன்ன, நீதான கழுவுன? எல்லாருக்கும் தெரியும். எதுக்கு பேஜாரு?"

அந்தப் பொய்யைக் கையில் கொடுத்ததே தான்தான் என்று ஸ்டீபனுக்கு உறைத்தது. அவர் நேரே இன்ஸ்பெக்டரிடம் போய், சார்ஜர் வந்த கதையையும் தன் மூக்கின் கதையையும் சொல்லிக் கையெழுத்துப் போட்டார். பிறகு கன்னியம்மாவின் வீட்டுக்குப் போனார்.

அவள் புருஷன் தேசப்பன் வாசலில் செங்கல் மேல் உட்கார்ந்திருந்தார். ஸ்டீபன் சொன்னதையெல்லாம் கேட்டார்.

"மூக்கு தெரியாதுன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா, அவ வேற ஆள கூட்டாந்து காட்டியிருப்பா இல்ல?"

"ஆமாண்ணா."

"காட்டியிருப்பா." தேசப்பன் எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டார். "இனிமே ஊட்டுக்கு வராத. கேஸுக்கு வா."

மூக்கு விஷயம் வெளியே தெரிந்தபின் சிப்காட் தொழிற்பேட்டையில் யாரும் ஸ்டீபனுக்கு வேலை தரவில்லை. ஏஞ்சலின் கையுறை தைக்கும் கம்பெனிக்குப் போகிறாள். அவர் வீட்டில் சமைக்கிறார். சோறு அடிபிடிப்பது தெரியாது என்பதால் அடுப்பைவிட்டு நகர்வதில்லை.

வழக்கு திருவள்ளூர் கோர்ட்டில் இழுத்துக்கொண்டிருக்கிறது. வாய்தாவுக்கு வாய்தா ஸ்டீபன் தவறாமல் போகிறார். மோகன்ராஜின் வக்கீல், "நாற்றமே தெரியாத ஆள் நாற்றத்தைப் பற்றி எப்படிச் சாட்சி சொல்ல முடியும்?" என்று கேட்டபோது சிலர் சிரித்தார்கள். தேசப்பன் சிரிக்கவில்லை. திரும்பி ஸ்டீபனை ஒருமுறை பார்த்தார்.

கோர்ட் கலைந்ததும் இருவரும் ஒரே பஸ்ஸில்தான் ஏறுவார்கள். தேசப்பன் முன்னால் உட்காருவார். ஸ்டீபன் கடைசி சீட்டுக்குப் போய்விடுவார்.