படிக்கட்டு இல்லாத மலை

மலை என்றால் அதில் படிக்கட்டு இருக்கும் என்று ஐம்பதை நெருங்கும் வரை நம்பிக்கொண்டிருந்தேன். சிரிக்க வேண்டாம், என் பக்கத்து நியாயத்தையும் கேளுங்கள். நான் வேலூர்ப் பக்கத்துக்காரன். எனக்குத் தெரிந்த மலைகளெல்லாம் ஒழுங்கானவை. கீழே செருப்பு விடும் இடம், அங்கிருந்து வெள்ளையடித்த படி, நடுவில் மோர் விற்பவர், மேலே சாமி, சாமிக்குப் பக்கத்தில் பொங்கல். பிடித்துக்கொள்ளக் கம்பிகூட இருக்கும். ஆகவே இப்போது குடியிருக்கும் ஹெப்பகோடியில் எங்கள் அடுக்குமாடியில் லிஃப்ட்டை விட்டுப் படியேறிப் பழகினால் உலகத்தில் எந்த மலையையும் ஏறிவிடலாம் என்று முடிவு கட்டி, தினமும் ஏறினேன். இறங்குவது மட்டும் லிஃப்ட்டில். இறங்குவதற்கெல்லாம் யாராவது பயிற்சி எடுப்பார்களா?

இத்தனைக்கும் காரணம் என் மனைவி. விவேக் நகரில் ஒரு பள்ளிக்கூடத்து விளையாட்டு டீச்சர், ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு கூட்டத்தைச் சேர்த்துக்கொண்டு மலையேறப் போவார். வழுக்கைத் தலைக்காரர்கள்கூட அவரை ‘மிஸ்’ என்றுதான் கூப்பிடுவார்கள். இரண்டு வருடமாக என் மனைவியும் அந்தக் கூட்டத்தில். சாயங்காலம் செம்மண் புழுதியோடு வந்து, குளித்து, தோசை வார்ப்பாள். என்ன பார்த்தாய் என்று கேட்டால், “சொன்னாப் புரியாதுங்க” என்பாள். கோபமாக அல்ல, நிஜமாகவே சொல்ல முடியாத குரலில். ஒரே வீட்டில், ஒரே டிவிக்கு முன்னால் இத்தனை வருடம் உட்கார்ந்த மனுஷி, எனக்குத் தெரியாத எதையோ வாரா வாரம் பார்த்துவிட்டு வருகிறாள். இது எனக்குள் குறுகுறுத்துக்கொண்டே இருந்தது.

அடுத்த மாதம் அவர்கள் குமார பர்வதம் போவதாக இருந்தது. காட்டுக்குள் இரண்டு நாள், முதுகில் பை, ராத்திரி கூடாரம். நானும் வரட்டுமா என்று கேட்டேன். பழைய கார் வாங்கப் போகிறவர் சக்கரத்தைப் பார்ப்பதுபோல என் முழங்காலைப் பார்த்தாள். மிஸ்ஸைத்தான் கேட்க வேண்டும் என்றாள்.

மிஸ்ஸிடம் ஒரு சட்டம் உண்டு. புதிதாக வருகிறவர் யாராக இருந்தாலும், முதலில் கனமான பையோடு சாவன்துர்கா மலையில் ஏறி இறங்கிக் காட்ட வேண்டும். அதைப் பார்த்துத்தான் காட்டுக்குக் கூட்டிப் போவதா வேண்டாமா என்று சொல்வார். அதிலும் ஏறுவதை அவர் பெரிதாகப் பார்ப்பதில்லையாம், இறங்குவதைத்தான் பார்ப்பாராம். இதை அங்கே போகும் வழியில், மாகடி ரோட்டில் கார் போய்க்கொண்டிருக்கும்போதுதான் என் மனைவி சொன்னாள். லிஃப்ட் ஞாபகம் வந்தது.

காரை விட்டு இறங்கி நிமிர்ந்தேன். மலை என்று நான் பார்த்தது மலையே இல்லை, ஒரே கல். பாதி ஊர் அகலத்துக்கு ஒரு கருங்கல் மொட்டையாக வானத்துக்கு எழும்பி நின்றது. படி எந்தப் பக்கம் என்று கேட்டேன். மிஸ் பாறையில் பெயிண்டில் போட்ட ஒரு வெள்ளை அம்புக்குறியைக் காட்டினார். அதற்கு மேலே இன்னொன்று. அவ்வளவுதான். மேலே ஒரு நந்தி மண்டபம் இருக்கிறது என்றார்கள். ஆக, சாமிக்கு மட்டும் வழி தெரிந்திருக்கிறது.

பையில் ஆளுக்கொரு பெரிய கேன் நிறையத் தண்ணீர் வைக்கச் சொல்லியிருந்தார்கள். கூடாரமும் அரிசியும் தூக்கும் கனத்துக்கு அது பழக்கம். மேலே போனதும் தண்ணீரைக் கொட்டிவிட்டு வெறும் பையோடு இறங்கினால் முழங்கால் பிழைக்கும். யார் கண்டுபிடித்தார்களோ, இந்த யோசனையை நான் வழியெல்லாம் மெச்சிக்கொண்டு வந்தேன். பையை நான் தோளில் தொங்கவிட்டிருந்ததைப் பார்த்து மிஸ் கிட்டே வந்தார். “ஸ்வல்ப நில்லுங்க சார். பை தோள்ல தொங்கக் கூடாது, இடுப்புல உக்காரணும். கொழந்தைய இடுப்புல வெச்சிக்கறோமே, அப்படி” என்று இடுப்புப் பட்டையை இழுத்து மாட்டினார். பாதிக் கனம் எங்கேயோ போய்விட்டது. எங்கே போனது என்று பார்க்கப் பட்டையைத் தளர்த்தினேன், வந்துவிட்டது. இறுக்கினேன், போய்விட்டது. என் மனைவி கையைத் தட்டிவிடும் வரை இதையே செய்துகொண்டிருந்தேன்.

ஏறுவது எதிர்பார்த்ததைவிடச் சுலபம், காரணம் முகத்துக்கு நேரே பாறைதான் தெரியும், பள்ளம் முதுகுக்குப் பின்னால் இருக்கும். எனக்குத் தெரியாத பள்ளம் எனக்கு இல்லாத பள்ளம். முன்பாதத்தில் நிற்காமல் முழுப் பாதத்தையும் வைத்து, நேராக ஏறாமல் குறுக்கும் நெடுக்குமாக ஏறினால் மூச்சும் வாங்குவதில்லை. நந்திக்குப் பக்கத்தில் நின்று பார்த்தபோது கழுகுகளின் முதுகு தெரிந்தது. அதுவரை கழுகின் வயிற்றை மட்டுமே பார்த்தவன் நான். முதுகு வேறு நிறம்.

எல்லோரும் கேன்களைத் திறந்து தண்ணீரைக் கொட்டினார்கள். என் கை வரவில்லை. டேங்கர் வந்தால்தான் குளியல் என்று கோடையைக் கழிக்கும் அடுக்குமாடிக்காரன் நான். நல்ல குடிதண்ணீரைப் பாறைக்கு ஊற்றுவதா? யாரும் பார்க்காதபோது மூடியைத் திருகி மூடி, கேனைத் திரும்பப் பைக்குள் வைத்துவிட்டேன்.

இறங்கத் திரும்பியதும், இவ்வளவு நேரம் முதுகுக்குப் பின்னால் மரியாதையாக இருந்த பள்ளம் முன்னால் வந்து நின்றது. முழுக் கர்நாடகமும் என் ஷூ நுனியிலிருந்து ஆரம்பித்தது. தொண்டை காய்ந்தது. மிஸ்ஸும் மற்றவர்களும் முன்னால் இறங்கிக்கொண்டிருந்தார்கள், என் மனைவி எனக்குப் பின்னால். அவள் தன் பாட்டிலை நீட்டினாள். அடுத்தவர் பாட்டிலில் வாய் வைத்துக் குடிக்கிற பழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது. கட்டிய மனைவியின் பாட்டில்தான், ஆனாலும் கை தானாகத் தூக்கியது, தலை தானாக அண்ணாந்தது. சரிவில் நின்று, முதுகில் முழுத் தண்ணீரோடு, தலையைப் பின்னால் சாய்த்து அண்ணாந்து குடிப்பதை என் சிபாரிசாக யாருக்கும் சொல்ல மாட்டேன். வானம் ஒரு சுற்றுச் சுற்றியது. பை என்னைப் பின்னால் இழுத்தது. பொத்தென்று உட்கார்ந்தேன், உட்கார்ந்தபடியே சறுக்கினேன்.

என் மூளை உடனே செய்தி வாசிக்க ஆரம்பித்தது. ஹெப்பகோடியைச் சேர்ந்த நடுத்தர வயதுக்காரர். எந்த போட்டோவைப் போடுவார்கள்? ஆதார் போட்டோவைப் போட்டுவிட்டால் சாவுக்கே மரியாதை இல்லை. இதையெல்லாம் யோசித்து முடித்தபிறகு பார்த்தால், சறுக்கியது ஒரு முழம். பேண்ட் மட்டும் அதிகமாக வேதனைப்பட்டிருந்தது.

ஆனால் எழ முடியவில்லை. கால் என் பேச்சைக் கேட்கவில்லை, வாய்தான் கேட்காமலே பேசியது. இந்த இடம் நல்ல காற்றோட்டம், ஃப்ளாட் போட்டால் புக்கிங் பிய்த்துக்கொண்டு போகும் என்று கீழே பார்த்துக் கத்தினேன். கீழே சிரித்தார்கள். வடக்குப் பார்த்த வாசலா என்று கேட்டேன். இன்னும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே ஒரு வளைவில் இறங்கி மறைந்தும் போனார்கள். எல்லோரும் போனபிறகும் நான் ஜோக் சொல்லிக்கொண்டிருந்தேன்.

என் மனைவி பக்கத்தில் வந்து குனிந்து என் முகத்தைப் பார்த்தாள்.

“பயமா இருக்கா?”

“காத்து வாங்கிட்டு இருக்கேன்.”

“பாறையைக் கெட்டியாப் புடிச்சிக்கிட்டு யாருங்க காத்து வாங்குவாங்க?”

அவள் விரலை வாயில் வைத்து விசிலடித்தாள். அவளுக்கு விசிலடிக்கத் தெரியும் என்பதே எனக்குச் செய்தி. மிஸ் திரும்பி மேலே வந்தார், பையைத் திறந்தார், கேனைப் பார்த்தார். மூடியைத் திறந்து பாறையில் கவிழ்த்தார். பிறகு எழுந்து நிற்கச் சொன்னார். உட்கார்ந்து இறங்கினால்தான் பத்திரம் என்று நான் வாதாடினேன்.

“பயத்துல பின்னால சாயறீங்க சார். சாஞ்சா ஷூ பிடிக்காது. நேரா நின்னு பாருங்க, பிடிக்கும்.”

நின்றேன். முழங்காலை லேசாக மடக்கி, உடம்பைப் பாதத்துக்கு நேரே கொண்டுவந்து, சின்ன அடி ஒன்று வைத்தேன். ஷூ பாறையோடு ஒட்டிக்கொண்டது. மெதுவாகப் பின்னால் சாய்ந்து பார்த்தேன், வழுக்கியது. நேராக நின்றேன், ஒட்டியது. பயம் எதைச் செய்யச் சொல்கிறதோ அதைச் செய்தால்தான் விழுவோம் என்பது எனக்குப் பெரிய ஆச்சரியமாக இருந்தது. இன்னொரு தடவை சாய்ந்து பார்க்கப் போனேன். “ஆராய்ச்சி போதும், நடங்க” என்று பின்னாலிருந்து என் மனைவியின் குரல் வந்தது. அடிவாரம் வரை அப்படியே இறங்கினேன். ஷூ கயிற்றைத் தளர்வாகக் கட்டியிருந்ததால் கட்டைவிரல் நகம் மட்டும் முன்னால் இடித்து இடித்துக் கறுத்துப்போனது.

கீழே இளநீர்க் கடையில் எல்லோரும் குடித்துக்கொண்டிருக்கும்போது மிஸ் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். பள்ளிக்கூடத்தில் கூப்பிட்டதுபோல இருந்தது. நான் பேண்ட்டின் பின்பக்கத்தைக் கையால் மறைத்துக்கொண்டு போனேன்.

“உங்க கால் பரவால்ல சார். வாய்தான் எனக்கு பயம். நீங்க ஜோக் சொன்னீங்க, நாங்க சிரிச்சிக்கிட்டே போயிட்டோம். காட்டுல, மழையில இப்படி விட்டுட்டுப் போயிட்டா நான் என்ன பண்றது?”

பதிலுக்கு ஒரு ஜோக் நாக்கு நுனி வரை வந்தது. அதை இளநீரோடு விழுங்கிவிட்டேன். அப்போதுதான் என் மனைவி பக்கத்தில் வந்தாள்.

“எனக்குத் தெரியும் மிஸ். சும்மா இருந்தா ஒண்ணு ரெண்டு சொல்வாரு. பயந்துட்டா மூச்சு விடாம சொல்வாரு. கல்யாணத்தன்னிக்கு மேடையில இப்படித்தான் சொல்லிக்கிட்டே இருந்தாரு. நான் பின்னால வரேன்.”

இத்தனை வருடம் அந்த மேடை ஜோக்குகளுக்கு அவள் ரசித்துச் சிரித்தாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மிஸ் வரலாம் என்றார். ஒரே நிபந்தனை, பயம் வந்தால் பயம் என்ற வார்த்தையையே சொல்ல வேண்டும். ஃப்ளாட், வாசல், புக்கிங் எதுவும் கூடாது.

அடுத்த மாதம் போனேன். முதல் நாள் காடு, அட்டைக்கடி, கூடாரம் எல்லாம் நடந்தது. இரண்டாம் நாள் காலையில் புல்மேட்டில் ஏறிக்கொண்டிருக்கும்போது மழை பிடித்துக்கொண்டது. முன்னால் போகிறவரின் பை தெரியவில்லை. பயமாக இருக்கிறது என்று சொன்னேன். மிஸ் நின்றார். எனக்குப் பின்னாலிருந்து என் மனைவியும், “எனக்கும்தான்” என்றாள். எல்லோரும் திரும்பி இறங்கினோம். உச்சிக்கு யாரும் போகவில்லை.